‘அண்ணா, இடுப்பு வலிக்கு ஒரு செட்டு!’

மாதக்கணக்கில் தீராத வலியை மாத்திரையை நம்பாமல் சமாளிக்க முடியுமா? முடியும் என்கிறது மருத்துவம். அதற்கு வேண்டிய நேரத்தை யார் தருவது?

காலை எட்டேகால். திருப்பூரின் பனியன் கம்பெனித் தெருக்களில் வேன்கள் வரிசையாக வந்து ஆட்களை இறக்கிவிடும் நேரம். ஷிஃப்ட் தொடங்க இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் இருக்கிறது. இறங்கியவர்களில் பாதிப்பேர் டீக்கடைக்குப் போவார்கள். மீதியில் சிலர் அதற்குப் பக்கத்து மெடிக்கலில் போய் நிற்பார்கள். யார் கையிலும் மருந்துச் சீட்டு இருக்காது.

“அண்ணா, இடுப்பு வலிக்கு ஒரு செட்டு.”

“போன தடவ குடுத்ததுதானுங்களா?”

“அதேதானுங்.”

அட்டையைக் கத்தரியால் வெட்டி மூணு நாலு மாத்திரைகளைச் சின்னக் காகித உறையில் போட்டு நீட்டுவார் கடைக்காரர். ஒன்று வலிக்கு. ஒன்று, அந்த மாத்திரையால் வரும் வயிற்றெரிச்சலுக்கு. மஞ்சளாக இருப்பது ‘சத்துக்கு’. நாலாவதாகச் சில கடைகளில் வெள்ளையாக ஒரு குட்டி மாத்திரை சேரும். அதன் பெயரைக் கேட்பவரும் இல்லை, சொல்பவரும் இல்லை. பாட்டில் தண்ணீரில் அங்கேயே விழுங்கிவிட்டு கேட்டுக்குள் ஓடுவார்கள். டெய்லருக்குக் கழுத்தும் இடுப்பும், செக்கிங்கில் நாள் முழுக்க நிற்கும் அக்காக்களுக்குக் குதிகால், அயர்ன் மாஸ்டருக்குத் தோள்பட்டை. ஆளுக்கொரு வலி, எல்லோருக்கும் அதே செட்டு.

இது திருப்பூர் சமாச்சாரம் மட்டுமல்ல. தி.நகர் ஜவுளிக்கடையில் நிற்கும் பெண், பழைய மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டருக்குக் கழுத்தை நீட்டியபடி இருக்கும் இளைஞர், பதினாலு மணி நேரம் ஆட்டோ ஓட்டுபவர், மாடிப்படியைக் கண்டாலே மலைக்கும் அறுபது வயது அம்மா... எல்லோருடைய பையிலும் ஓர் அட்டை இருக்கிறது. வலியை விரட்டுவதற்காக அவர்கள் அதை வைத்திருப்பதாக நினைக்கிறோம். கொஞ்சம் பேசிப் பார்த்தால் கதை வேறு. அந்த மாத்திரை வாங்கித் தருவது ஒரு நாள் கூலியை. வலியோடு வேலைக்குப் போக அதுதான் அனுமதிச் சீட்டு.

மாத்திரையைக் கம்பெனியே தருவதும் உண்டு. 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் ஃபவுண்டேஷன் தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலில் சுமார் 100 பெண்களிடம் பேசி ஒரு புலனாய்வு வெளியிட்டது. மாதவிலக்கு வலி என்று சொன்னால், விடுப்பு தருவதற்குப் பதிலாக மேற்பார்வையாளர்கள் பெயரோ காலாவதித் தேதியோ இல்லாத மாத்திரையைக் கொடுத்து மெஷினுக்குத் திருப்பி அனுப்பியதை அந்தப் பெண்கள் விவரித்திருந்தார்கள். அவற்றில் பல சாதாரண வலி நிவாரணிகள்தான். மருந்தைவிடக் கவலை தந்தது, அது எதற்குப் பதிலாகக் கொடுக்கப்பட்டது என்பதுதான்.

புண் ஆறியும் வலி ஆறவில்லை

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, திரும்பத் திரும்ப வந்தாலோ அது நாள்பட்ட வலி. இதை வேறொரு நோயின் அறிகுறியாக மட்டுமே பார்த்த காலம் நீண்டது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11-வது நோய் வகைப்பாட்டுப் பட்டியலில்தான் நாள்பட்ட வலிக்கென்று தனி இடம் கிடைத்தது. காரணம் கண்டுபிடிக்க முடியாவிட்டாலும் வலியே நோயாக இருக்கலாம் என்பது இப்போது அதிகாரபூர்வம்.

காலில் முள் குத்தினால் வரும் வலி காவல்காரன் வேலை செய்கிறது. ஆபத்து போனதும் அது அடங்க வேண்டும். சிலருக்கு அடங்குவதில்லை. ஒருமுறை திருடனைக் கண்ட வீட்டு நாய், அதற்கப்புறம் விடியற்காலையில் வரும் பால்காரரையும் விடாது. அப்படித்தான் நரம்பு மண்டலமும். தண்டுவடமும் மூளையும் சதா உஷாராகி, குனிவது, உட்காருவது போன்ற சாதாரண அசைவையும் ஆபத்து என்று படித்துக்கொள்கின்றன. தூக்கக் குறைவு, கடன் கவலை, வீட்டுச் சண்டை எல்லாம் அந்த உஷாரை ஏற்றிவிடும். வலி பொய்யில்லை, அது காட்டும் சேதம்தான் பல நேரங்களில் அங்கே இல்லை.

காயமும் வலியும் ஒன்றுக்கொன்று சமமல்ல என்பதை இரண்டாம் உலகப் போரிலேயே பார்த்துவிட்டார்கள். இத்தாலியப் போர்முனையில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர், படுகாயமடைந்த வீரர்களிடம் வலிக்கு மருந்து வேண்டுமா என்று கேட்டார். நாலில் மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். உயிர் தப்பிவிட்டோம், இனி வீட்டுக்குப் போகலாம் என்ற நிம்மதி அந்த அளவு காயத்தின் வலியையே அடக்கிவைத்திருந்தது என்று பீச்சர் விளக்கினார்.

ஸ்கேனில் தெரியும் ‘தேய்மானம்’

முதுகுவலிக்காரர் வீட்டு பீரோவில் ஒரு பெரிய உறை கட்டாயம் இருக்கும். எம்.ஆர்.ஐ. படம். “எல்4-எல்5 டிஸ்க் பிதுங்கிடுச்சாம், எலும்பு தேஞ்சிடுச்சாம்” என்று ஜாதகம் ஒப்பிப்பதுபோலச் சொல்வார்கள். அன்று முதல் தரையில் உட்காருவதில்லை, தண்ணீர்க் குடம் தூக்குவதில்லை, குனிந்து பெருக்குவதில்லை.

2015-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பை இவர்கள் எல்லோருக்கும் படித்துக் காட்ட வேண்டும். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளை அது அலசியது. வலியே இல்லாத இருபது வயதுக்காரர்களில் 37 சதவிகிதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. ஐம்பது வயதில் 80 சதவிகிதம், எண்பது வயதில் 96 சதவிகிதம். டிஸ்க் பிதுக்கமும் அப்படியே: இருபதில் 30, எண்பதில் 84. நரைமுடி போல வயதோடு வரும் மாற்றங்கள் இவை. ஸ்கேன் வேண்டாத ஒன்று என்பதல்ல. கட்டி, தொற்று, நரம்பு நசுங்கல் இவற்றைக் கண்டுபிடிக்க அது இல்லாமல் முடியாது. ஆனால் ‘தேய்மானம்’ என்று எழுதியிருக்கும் ஒரு வரியை வைத்து வாழ்க்கையைச் சுருக்கிக்கொள்வது, வலியைவிடப் பெரிய கேடு.

அறுவையிலும் இதே பாடம் உண்டு. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் மூட்டுத் தேய்மானம் உள்ள 180 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு நுண்துளை வழியே மூட்டைச் சுத்தம் செய்தார்கள். மற்றவர்களுக்குத் தோலை மட்டும் கீறித் தையல் போட்டு அனுப்பினார்கள். 2002-ல் முடிவு வந்தது. நிஜ அறுவையும் பொய் அறுவையும் தந்த நிவாரணத்தில் வித்தியாசம் இல்லை.

கழுகுகளைக் கொன்ற மருந்து

மாத்திரைக் கதைக்கு வருவோம். டைக்ளோஃபெனாக் என்ற பெயரை அறியாதவர்கூட அதை எப்போதாவது விழுங்கியிருப்பார். கால்நடைகளுக்கும் அதைத் தாராளமாகப் போட்டோம். செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாக விழுந்தன. இந்தியாவில் வெண்முதுகுப் பாறுக் கழுகுகளில் 99 சதவிகிதத்துக்கு மேல் அழிந்தபின், 2006-ல் கால்நடை டைக்ளோஃபெனாக்குக்குத் தடை வந்தது. தமிழ்நாட்டில் மிஞ்சியவை நீலகிரியின் மாயாறு பள்ளத்தாக்கில் இருக்கின்றன.

மனித உடம்பு கழுகைப்போல ஒரே வேளையில் படுத்துவிடாது. ஆனால் தாக்கும் இடம் அதேதான். சிறுநீரகத்துக்குள் ரத்தம் தாராளமாகப் பாய்வதற்கு உடம்பு சுரக்கும் ஒரு வேதிப்பொருளைத்தான் இந்த வகை மாத்திரைகள் தடுக்கின்றன. வலி குறைவதும் அதனால்தான், வயிறு புண்ணாவதும் அதனால்தான். ரத்தக்கொதிப்புக்கு டெல்மிசார்டன் போன்ற மாத்திரையும், நீர் பிரியும் மாத்திரையும் எடுப்பவர் இதையும் சேர்த்தால், சிறுநீரகம் மூன்று பக்கமும் முட்டுக்கொடுக்க ஆளின்றி நிற்கும். வெயிலில் வியர்த்து, தண்ணீர் சரியாகக் குடிக்காமல் வேலை பார்ப்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். கழிப்பறைக்கு அடிக்கடி போனால் சூப்பர்வைசர் முறைப்பார் என்று தண்ணீரையே குறைத்துக்கொள்ளும் பெண்களை நினைத்துப் பாருங்கள்.

அந்த வெள்ளைக் குட்டி மாத்திரை பெரும்பாலும் ஸ்டீராய்டு. முதல் வாரம் அதிசயம்போல இருக்கும். “அந்தக் கடை மாத்திரைதான் கேக்குது” என்று தெருவே அங்கே போகும். மாதங்கள் ஓடியபின் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டும் நின்றுபோயிருக்கும். அந்த நிலையில் திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே உலை வைக்கும். பெயர் தெரியாத மாத்திரையை மாதக்கணக்கில் எடுத்தவர்கள் சொந்தமாக நிறுத்தவும் கூடாது என்பது அதனால்தான்.

தலைவலிக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் எடுத்தால், அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். கூட்டு மருந்துகளுக்கு மாதம் 10 நாளே போதும். தலைவலி, மாத்திரை, மறுபடி தலைவலி என்ற இந்தச் சுழலில் மாட்டியவர்கள் மாத்திரையின் ‘பவர்’ போதவில்லை என்று நினைத்து இன்னும் ஏற்றிக்கொள்கிறார்கள்.

---

பெட்டிச் செய்தி: இவை இருந்தால் தாமதிக்காதீர்கள்

முதுகுவலியோடு சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது கட்டுப்பாடில்லாமல் போவது, தொடைகளின் நடுவே மரத்துப்போவது, பாதம் தொங்குவது, கால் நாளுக்கு நாள் பலமிழப்பது: அன்றே மருத்துவமனை.

காய்ச்சலோடு வலி, காரணமின்றி எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக எலும்பு வலி, விழுந்தபின் தொடங்கிய கடும் வலி, படுத்தாலும் அடங்காமல் இரவில் எழுப்பும் வலி: இவற்றுக்கு உடற்பயிற்சியும் ஒத்தடமும் பதிலல்ல. முதலில் பரிசோதனை.

---

வலிக்கிற முட்டியை அசைப்பதா?

அசைக்கத்தான் வேண்டும், முதுகையும்தான். உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட கீழ் முதுகுவலிக்கென 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், உடற்பயிற்சித் திட்டமும் வலியைப் பற்றிய விளக்கமும் மனரீதியான பயிற்சியும் பரிந்துரைப் பட்டியலில் இருக்கின்றன. பெல்ட், எடை கட்டி இழுக்கும் சிகிச்சை, அல்ட்ராசவுண்ட் ஒத்தடம், மின்தூண்டல் ஆகியவற்றை வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. நம் ஊர் பிசியோதெரபி நிலையங்கள் பலவற்றில் வரிசையாகக் கட்டில் போட்டு ஒயர் மாட்டிவிடுவதுதான் சிகிச்சை என்பது இங்கே உறுத்துகிறது. ஒயருக்குக் காசு கொடுக்கும் நாம் பயிற்சி சொல்லித்தரக் கேட்பதில்லை என்பதும் உண்மை.

முட்டிவலிக்கான முதல் பயிற்சிக்குத் தேவை ஒரு துண்டுதான். கட்டிலில் காலை நீட்டி உட்கார வேண்டும். துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, துண்டை நசுக்குவதுபோல முட்டியைக் கீழே அழுத்த வேண்டும். தொடையின் முன்சதை இறுகுவதைக் கையால் தொட்டே பார்க்கலாம். ஐந்து எண்ணும்வரை பிடித்து விட வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. பத்துத் தடவை, காலையும் மாலையும். ஒன்றிரண்டு வாரத்தில் பழகியதும் நாற்காலியில் இருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சி. அப்புறம் படி. இதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. இதுக்கா டாக்டரு என்பார்கள். தேய்ந்த குருத்தெலும்பை இது வளர்க்காது. முட்டி மேல் விழும் பாரத்தை அந்தத் தொடைச்சதை வாங்கிக்கொள்கிறது என்பதே விஷயம். எடை குறைப்பும் அப்படித்தான்: மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களிடம் செய்த அளவீட்டில், உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முட்டி மேல் விழும் பாரம் நாலு கிலோ குறைந்தது.

பயிற்சி செய்யும்போது வலித்தால்? கொஞ்சம் கூடுவது சகஜம். மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் அந்த அளவு சரி. திரும்பவில்லை என்றால் பாதியாகக் குறைக்க வேண்டும், நிறுத்தக் கூடாது. பெரும்பாலோர் சறுக்குவது இந்த இடத்தில்தான். வலி குறைந்த ஒரு நாள் பரணைச் சுத்தம் செய்து, போர்வை எல்லாம் துவைத்துப் போட்டுவிட்டு, அடுத்த மூன்று நாள் படுக்கை. ‘பயிற்சி ஒத்துக்கல’ என்று முடிவு. வலியைப் பார்த்து வேலை செய்யாமல் கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்யச் சொல்கிறார்கள் வலி நிபுணர்கள். இருபது நிமிடம் நின்றால் வலி தொடங்கும் என்றால் பதினைந்தாவது நிமிடத்தில் உட்கார்ந்துவிடுவது. நல்ல நாளானாலும் அதே கணக்கு. வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

நடை இன்னும் மலிவு. ஆஸ்திரேலியாவில் முதுகுவலி வந்து குணமான 701 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2024-ல் ‘லான்செட்’ இதழில் வந்தது. பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டுதலோடு படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்ப வர எடுத்த காலத்தின் நடு அளவு 208 நாள். நடக்காதவர்களுக்கு 112 நாள். வாரத்துக்கு ஐந்து தடவை, அரை மணி நேரம் என்பதே இலக்கு. அதற்குச் செருப்பும் ஓரளவு சமமான தெருவும் போதும். இரண்டாவது எத்தனை ஊரில் கிடைக்கும் என்பதைக் கவுன்சிலரைத்தான் கேட்க வேண்டும்.

பாட்டியின் எண்ணெயும் 1965-ன் கட்டுரையும்

முழங்கை இடித்துக்கொண்டதும் கை தானாக அங்கே போய்த் தேய்க்கிறது. அது ஏன் வேலை செய்கிறது என்பதற்கு 1965-ல் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். தண்டுவடத்தில் ஒரு ‘கதவு’ இருக்கிறது. தொடுதல், அழுத்தம், அதிர்வு ஆகியவற்றைச் சுமந்துவரும் நரம்புகள் வலி நரம்பின் செய்தியை அந்தக் கதவில் மறிக்கின்றன என்றார்கள். விவரங்களில் பல திருத்தங்கள் வந்தாலும் அடிப்படை நிலைத்துவிட்டது. நொச்சி இலையும் எருக்கிலையும் வதக்கித் துணியில் கட்டிக் கொடுக்கும் ஒத்தடம், உளுந்துத் தைலம், வெந்நீர்ப் பை எல்லாவற்றுக்கும் இந்தக் கதவில் இடமுண்டு. சில மணி நேர ஆறுதல் கிடைக்கும். அந்த நேரத்தைப் படுத்துக் கழிக்காமல் பயிற்சிக்குப் பயன்படுத்துபவர் கெட்டிக்காரர்.

வர்மம், சித்த மருத்துவம் பக்கம் போகிறவர்கள் படித்துப் பதிவுபெற்ற மருத்துவரைப் பார்க்க வேண்டும். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமே இருக்கிறது. லேபிள் இல்லாத டப்பாவில் ‘மூணே நாளில் மூட்டுவலி பறக்கும்’ என்று வரும் பொடியை நம்ப வேண்டாம். அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்து பிடிபட்ட சம்பவங்கள் உண்டு. மாத்திரையை விட்டு ஓடி, மறுபடி அதே மாத்திரையில் போய் விழுவதுதான் அது.

‘அப்போ என் வலி கற்பனையா டாக்டர்?’

மனநல ஆலோசகரைப் பாருங்கள் என்று சீட்டு எழுதினால் பாதிப்பேர் அத்தோடு அந்த டாக்டரையே மாற்றிவிடுகிறார்கள். ‘எல்லாம் மனசுலதான் இருக்கு’ என்ற பேச்சால் காயம்பட்டவர்கள், குறிப்பாகப் பெண்கள், இங்கே ஏராளம். அவர்கள் கோபம் நியாயமானது. வலி இருப்பது நரம்பு மண்டலத்தில். அந்த மண்டலத்தைப் பழக்கவும் முடியும் என்பதைச் சொல்ல யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

கண்ணெதிரே நிற்கும் உதாரணம் நம் ஊரிலிருந்து போனது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன், 1990-களில் அமெரிக்காவில் கையை இழந்தவர்களை ஆராய்ந்தார். இல்லாத கை வலித்தது அவர்களுக்கு. விரல்கள் உள்ளங்கையில் குத்தியபடி இறுகிக் கிடப்பதாகச் சொன்னார்கள். இல்லாத விரலை எப்படி விரிப்பது? ஒரு பெட்டிக்குள் கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி வைத்தார். இருக்கும் கையை விரித்தபோது இல்லாத கையும் விரிவதைக் கண் பார்த்தது. சிலருக்கு இறுக்கம் விட்டது. எல்லோருக்கும் பலிக்கவில்லை என்றாலும், மூளைக்குப் போகும் செய்தியை மாற்றினால் வலி மாறும் என்பதை ஒரு கண்ணாடித் துண்டு காட்டிவிட்டது.

அண்மையில் வந்த சான்று இன்னும் வலுவானது. கொலராடோ பல்கலைக்கழகம் 151 முதுகுவலிக்காரர்களை மூன்றாகப் பிரித்தது. ஒரு பகுதியினருக்கு நாலு வாரம், ‘இந்த வலி ஆபத்தின் செய்தியல்ல’ என்று உணர்ந்து, பயந்த அசைவுகளைப் பயமில்லாமல் செய்யப் பழக்கினார்கள். அவர்களில் 66 சதவிகிதம் பேர் வலி அறவே இல்லை அல்லது பெயரளவுக்கே இருக்கிறது என்ற நிலைக்கு வந்தார்கள். மருந்தில்லா ஊசி போட்டுக்கொண்டவர்களில் 20 சதவிகிதம், வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் 10 சதவிகிதம். முதுகில் வேறு பெரிய கோளாறு இல்லாதவர்கள், வலியும் மிதமானது என்பதையும் சொல்லியாக வேண்டும். எல்லா முதுகுக்கும் இது பொருந்தாது.

---

பெட்டிச் செய்தி: மல்யுத்த வீரர் தொடங்கிய வலி மருத்துவம்

ஜான் பொனிகா இத்தாலியில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த மயக்க மருந்து நிபுணர். மருத்துவப் படிப்புச் செலவுக்காக முகமூடி அணிந்து மல்யுத்தம் ஆடியவர். அந்த அடிகளின் வலி கடைசிவரை அவரை விடவில்லை. ஒரே மருத்துவரால் நாள்பட்ட வலியைக் கையாள முடியாது, பல துறையினர் ஒரே மேஜையில் உட்கார வேண்டும் என்று சொல்லி, 1953-ல் வலி மருத்துவத்துக்கான பெரும் நூலை எழுதினார். இன்றைய ‘பெயின் கிளினிக்’ எல்லாம் அந்த யோசனையின் பிள்ளைகள்.

உலகில் கீழ் முதுகுவலி உள்ளவர்கள் 2020 கணக்கில் 61.9 கோடி. 2050-ல் இது 84.3 கோடியாகும் என்பது மதிப்பீடு.

---

இருபது நிமிடம் யாரிடம் இருக்கிறது?

இதுவரை சொன்ன வழிகள் எல்லாம் விலை குறைந்தவை. ஆனால் எல்லாமே நேரத்தைக் கேட்கின்றன. மாத்திரை முப்பது நொடி. பயிற்சி இருபது நிமிடம், அரை மணி நேர நடை, ஏழு மணி நேரத் தூக்கம், வேலை நடுவே அடிக்கடி எழுந்து நிற்கவோ உட்காரவோ இடைவெளி.

ஒன்றரை ஷிஃப்ட் பார்க்கும் டெய்லரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். பீஸ் ரேட்டில் தைப்பவர் ஐந்து நிமிடம் எழுந்தால் அத்தனை பீஸ் போச்சு. வீட்டுக்குப் போனால் இரவுச் சமையல், தண்ணீர் பிடிப்பது, பிள்ளைகளின் பாடம். வீட்டில் எல்லோரும் தூங்கியபின்தான் அவர் முதுகு தரையைத் தொடும். “தினமும் வாக்கிங் போங்க” என்ற அறிவுரை அவர் காதில் எப்படி விழும்? வலிக்கு மாத்திரை போடாதீர்கள் என்பதை ஒழுக்கப் பிரசங்கமாகச் சொல்பவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை இல்லை.

சட்டம் எட்டிப் பார்த்திருக்கிறது. கோழிக்கோட்டில் பி.விஜி முன்னெடுத்த ‘பெண்கூட்டு’ அமைப்பின் பெண்கள், ஜவுளிக்கடையில் உட்கார இடம் கேட்டு நடத்திய நீண்ட போராட்டத்தால் 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்றது. தொழிற்சாலைகளுக்கோ இது புதிதே அல்ல. நின்று வேலை செய்பவர் இடையிடையே உட்கார வசதி வேண்டும் என்று 1948-ன் தொழிற்சாலைச் சட்டத்தின் 44-வது பிரிவே சொல்லியாயிற்று. தீபாவளிக் கூட்டத்தில் ஏதாவது ஒரு ஜவுளிக்கடைக்குள் போகும்போது ஸ்டூல் எங்கே இருக்கிறது, அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று நீங்களே பாருங்கள். ஸ்டூல் வாங்குவது முதலாளிக்குச் செலவே இல்லை. உட்கார்ந்திருப்பவரைக் கண்டால் வேலை செய்யவில்லை என்று நினைக்கும் வாடிக்கையாளர்களும் அந்தச் சட்டத்தைத் தோற்கடிக்கிறார்கள். அதில் நாமும் இருக்கிறோம்.

காப்பீடும் மாத்திரையின் பக்கமே சாய்கிறது. படுக்கையில் சேர்ந்து ஆபரேஷன் செய்தால் பணம் வரும். பன்னிரண்டு வாரம் நடந்துபோய் பயிற்சி கற்றுவந்தால் பெரும்பாலான பாலிசிகளில் ஒரு பைசா வராது. தனியாரில் ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம், அரை நாள் சம்பள வெட்டு, பஸ் செலவு என்று கூட்டினால் மாத்திரை அட்டைதான் கட்டுப்படியாகும் என்று ஒருவர் முடிவெடுப்பதில் கணக்குப் பிழை எதுவும் இல்லை.

அந்தக் கணக்கை மாற்றப் பார்த்த முயற்சி ஒன்று இங்கே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பி.பி., சுகர் மாத்திரைக்காகவே பேசப்படுகிறது. வீடு தேடி வரும் பிசியோதெரபியும் வலி தணிப்புச் சிகிச்சையும் அதில் உண்டு. படுக்கையில் கிடப்பவருக்குத்தான் அது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்தால், மருத்துவமனையில் தெரியாதவை கண்ணில் படும்: கட்டிலின் உயரம், கழிப்பறையில் பிடிக்கக் கம்பி இல்லாதது, அடுப்பு தரையில் இருப்பது. இரண்டு செங்கல்லை வைத்துக் கட்டிலை உயர்த்தினாலே முட்டிவலிக்காரர் பாதி நிம்மதியாக எழுவார். எந்த மாத்திரைச் சீட்டிலும் செங்கல் எழுதப்படுவதில்லை.

---

பெட்டிச் செய்தி: புற்றுநோய் வலி வேறு கணக்கு

இந்தக் கட்டுரையைக் காட்டிப் புற்றுநோயாளியின் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அங்கே மார்ஃபின் தேவைப்படும் நேரத்தில் கிடைக்காமல் போவதுதான் நம் நாட்டின் பிரச்னை. கெடுபிடிகளைத் தளர்த்தவே போதைப்பொருள் சட்டம் 2014-ல் திருத்தப்பட்டது. முடக்குவாதம் போன்ற அழற்சி நோய்களிலும் உரிய மருந்தை நிறுத்தினால் மூட்டு உருக்குலையும்.

---

செட்டிலிருந்து இறங்குவது

வருடக்கணக்கில் மாத்திரையோடு வாழ்பவர் நாளையே நிறுத்த வேண்டியதில்லை. பலருக்கு அப்படி நிறுத்தவும் கூடாது. ஸ்டீராய்டு, பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் போன்றவற்றைப் படிப்படியாக, மருத்துவர் சொல்லும் கணக்கில்தான் குறைக்க வேண்டும். முதல் வேலை, விழுங்குவது என்ன என்று தெரிந்துகொள்வது. காகித உறையில் வாங்குவதை நிறுத்தி, அட்டையோடு கேளுங்கள். தராத கடையை மாற்றுங்கள். அந்த அட்டைகளை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ இருப்பவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

அடுத்தது வரிசை. மாத்திரையை விட்டுவிட்டுப் பயிற்சி என்று போனால் மூன்றாம் நாளே தோற்றுவிடுவீர்கள். பயிற்சி முதலில். அது நிலைத்து, படியேறுவது கொஞ்சம் இலகுவாகி, தூக்கம் சீரானபின் மாத்திரையைக் குறைப்பது. முட்டிவலிக்கு, வாயில் போடும் மாத்திரைக்குப் பதில் அதே மருந்தைக் களிம்பாகத் தடவலாமா என்றும் கேளுங்கள். ரத்தத்தில் கலக்கும் அளவு அதில் மிகக் குறைவு. நோட்டில் எழுதி வைப்பதானால் ‘இன்று எவ்வளவு வலித்தது’ என்று எழுதாமல், ‘இன்று என்ன செய்தேன்’ என்று எழுதுங்கள். கோயில் வரை நடந்தது, தரையில் உட்கார்ந்து எழுந்தது, பேரனைத் தூக்கியது. வலி பூஜ்யம் ஆகாமலேயே இந்தப் பட்டியல் நீளும். பெரும்பாலோருக்கு நிஜமான முன்னேற்றம் அந்த வடிவில்தான் வருகிறது.

மறுபடி வலி ஏறும் நாள்கள் வரும். அன்றைக்கு ஒரு மாத்திரை போட்டால் குடி மூழ்கிப்போகாது. மறுநாள் பயிற்சிக்குத் திரும்புவதே முக்கியம்.

மருத்துவர் வலிக்கு மருந்து எழுதத் தொடங்கும்போது, பிசியோதெரபிக்கும் ஒரு சீட்டு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அதற்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது, கட்டணம் கிடையாது. அங்கே போனதும் ஒயர் மாட்டப் படுத்துவிடாமல், வீட்டில் செய்யவேண்டிய பயிற்சியைக் கேட்டு, அவர்கள் முன்னாலேயே ஒருமுறை செய்து காட்டிவிட்டு வாருங்கள்.